பெர்லினில் முதல் சனி, ஞாயிறு: முதலில் வீடு திரும்பும் வழி

பெர்லினுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "அக்கா, இந்த சனி ஞாயிறு எங்கே போகலாம்?" என்பதுதான். பிராண்டன்பர்க் வாசல், நாடாளுமன்றத்தின் கண்ணாடிக் கூடம், அலெக்சாண்டர் சதுக்கத்து டிவி கோபுரம் என்று அவர்களே ஒரு பட்டியலும் கையில் வைத்திருப்பார்கள். அதெல்லாம் எங்கேயும் ஓடிப்போகாது. கண்ணாடிக் கூடத்துக்கு அனுமதி இலவசம், ஆனால் முன்பதிவு வேண்டும். அதை இன்றே வேறொரு வாரத்துக்குப் போட்டு வைத்துவிடுங்கள். முதல் இரண்டு நாளில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: எங்கே போனாலும் போனைப் பார்க்காமல் வீட்டுக்குத் திரும்பி வரப் பழகுங்கள்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 2018 அக்டோபர் கடைசி வாரம். விசா தாமதமானதால் வகுப்புகள் தொடங்கிப் பல நாள் கழித்துத்தான் வந்து சேர்ந்தேன். வெட்டிங் பகுதியில் ஓர் அறை. சனிக்கிழமை மதியம் கிளம்பி ஊரெல்லாம் சுற்றிவிட்டு, மாலை ஆறு மணிக்கு வெட்டிங் ஸ்டேஷனில் இறங்கினேன். அதற்குள் இருட்டிவிட்டது. படியேறி வெளியே வந்ததும் போன் அணைந்துபோனது. தெருப் பெயர் நினைவிருந்தது. வீட்டு எண் 64 என்பதும் தெரியும். ஒருவரைக் கேட்டுத் தெருவைப் பிடித்துவிட்டேன். நான் நின்ற இடத்தில் கதவு எண் 7. சரி, இன்னும் நிறைய நடக்கணும் என்று எண்களைப் பார்த்துக்கொண்டே போனேன். 8, 9, 10... ஒற்றைப்படை ஒரு பக்கம், இரட்டைப்படை மறு பக்கம் என்றில்லாமல் ஒரே பக்கத்தில் வரிசையாக ஏறிக்கொண்டே போனது. 36இல் தெரு முடிந்துவிட்டது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தெருவைக் கடந்து பார்த்தால் அங்கே 37. அந்தப் பக்கமாகவே திரும்பி நடந்தேன். நான் முதலில் நின்ற இடத்துக்கு ஏறக்குறைய நேர் எதிரே இருந்தது 64.

பெர்லினின் பழைய தெருக்கள் பலவற்றில் கதவு எண்கள் குதிரை லாடம் போலத்தான் ஓடும். ஒரு பக்கமாக மேலே போய், மறுபக்கமாகக் கீழே வரும். புதிய தெருக்களில் ஒற்றை, இரட்டை முறை உண்டு. இது எந்த வகைத் தெரு என்று மூலையிலேயே தெரிந்துவிடும். தெருப் பெயர்ப் பலகையோடு ஒரு சின்னப் பட்டையில், அந்தத் துண்டில் எந்த எண் முதல் எந்த எண் வரை இருக்கிறது என்று போட்டிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டுக் காலை எடுத்து வையுங்கள்.

வெள்ளி இரவே செய்ய வேண்டியவை

ஒரு தாளில் முகவரியை எழுதுங்கள். தெரு, எண், அஞ்சல் குறியீடு, பக்கத்து ஸ்டேஷன், வாசல் மணியில் இருக்கும் பெயர். கடைசியில் சொன்னதுதான் முக்கியம். இங்கே அடுக்குமாடி வீடுகளுக்குப் பொதுவாக "3-பி" மாதிரி எண் கிடையாது. மணியிலும் தபால் பெட்டியிலும் ஒட்டியிருக்கும் குடும்பப் பெயர்தான் அடையாளம். வெட்டிங், நொய்கோல்ன் மாதிரிப் பகுதிகளில் தெருவைப் பார்த்த முன்கட்டு, முற்றம், அதற்குப் பின்னால் பின்கட்டு என்று ஒரே எண்ணில் இரண்டு மூன்று கட்டடங்கள் இருக்கும். நீங்கள் எந்தக் கட்டு என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வாடகைக்கு விட்டவரிடம் கேட்டு, தபால் பெட்டியில் உங்கள் பெயரையும் ஒட்டிவிடுங்கள். பெயர் இல்லாவிட்டால் தபால்காரர் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார். வங்கி அட்டையின் ரகசிய எண், வரி எண் எல்லாம் இங்கே இன்னமும் கடிதமாகத்தான் வரும். குடியேறிய 14 நாளுக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அதை ஆன்மெல்டுங் என்பார்கள். அந்த அலுவலக வேலை திங்கட்கிழமைக்கு இருக்கட்டும். பெயர் ஒட்டும் வேலைக்கு ஒரு டேப் போதும்.

அப்புறம், சாவி. இங்கே பெரும்பாலான வீட்டுக் கதவுகளில் வெளிப்பக்கம் திருகும் கைப்பிடி கிடையாது. இழுத்துச் சாத்தினால் பூட்டிக்கொள்ளும். குப்பை போடக் கீழே இறங்கினாலும் சாவியோடுதான் இறங்க வேண்டும். வார இறுதியில் பூட்டுத் திறக்க ஆள் கூப்பிட்டால் பெரிய தொகை கேட்பார்கள். முதல் மாதத்துச் செலவுக் கணக்கே ஆட்டம் கண்டுவிடும்.

சனி: கடை, பிறகு வட்டம்

ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. "கொஞ்சக் கடைகளாவது திறந்திருக்குமே" என்று நம் மனம் சொல்லும். திறந்திருக்காது. பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் சூப்பர் மார்க்கெட்டுகள், காலையில் பேக்கரி, தெருமுனையில் ஷ்பேட்டி என்று சொல்லும் சின்னக் கடைகள், இவ்வளவுதான். ஆகவே சனிக்கிழமை காலையில் முதல் வேலையாகச் சாமான் வாங்குங்கள். திங்கள் காலைச் சாப்பாடு வரைக்கும் கணக்குப் போடுங்கள்.

பையைக் கையோடு கொண்டுபோங்கள். கல்லாவில் இருப்பவர் மளமளவென்று பொருட்களைத் தள்ளிவிடுவார். பதறாதீர்கள். எல்லாவற்றையும் திரும்பத் தள்ளுவண்டியிலேயே போட்டுக்கொண்டு, பக்கத்தில் இருக்கும் மேடையில் வைத்து நிதானமாக அடுக்கலாம். கொஞ்சம் ரொக்கமும் வைத்திருங்கள். சின்னக் கடைகள் சிலவற்றில் இன்னும் அட்டை வாங்க மாட்டார்கள்.

சூப்பர் மார்க்கெட்டில் மில்ஷ்ரைஸ் என்று ஒரு அரிசி இருக்கும். பால் சோறு செய்யும் குண்டு அரிசி, விலையும் குறைவு. நன்றாகக் குழையும். பொங்கலுக்கும் தயிர் சாதத்துக்கும் அதுதான் எனக்கு இன்றைக்கும். பருப்புக்கும் தயிருக்கும் துருக்கிக் கடைக்குப் போங்கள். 1961இல் மேற்கு ஜெர்மனி துருக்கியோடு தொழிலாளர் ஒப்பந்தம் போட்ட பிறகு வந்து தங்கிய குடும்பங்களால், வெட்டிங், க்ரொய்ட்ஸ்பெர்க், நொய்கோல்ன் மூன்றிலும் அவர்கள் கடைகள் நிறைய. மைசூர்ப் பருப்பு, வெண்டைக்காய், கொத்தமல்லிக் கட்டு, வாளியில் தயிர் எல்லாம் அங்கே கிடைக்கும். ஒரு கிலோ வாளித் தயிரைத் திறந்து, ஒரு கரண்டி எடுத்து, குழைந்த மில்ஷ்ரைசில் போட்டுப் பிசைந்தபோது வந்த வாசனைதான் இந்த ஊரில் எனக்கு முதன்முதலில் தெரிந்த வாசனை. கடுகு தாளிப்பதற்கு முன் ஜன்னலைத் திறந்துவிடுங்கள். வீடுகளில் புகை எச்சரிக்கைக் கருவி கட்டாயம். காய்ந்த மிளகாய் கருகினால் அது கத்த ஆரம்பித்துவிடும்.

தண்ணீர் பாட்டில் வாங்கவே வேண்டாம். குழாய்த் தண்ணீர் குடிக்கலாம், நல்ல தண்ணீர். கடையில் மேலோட்டமாகப் பார்த்து எடுத்தால் பாதிக்குப் பாதி சோடாத் தண்ணீராக இருக்கும். வாங்கியே ஆக வேண்டும் என்றால் "ஷ்டில்" என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் டின்னுக்கும் பில்லில் 25 சென்ட் கூடுதலாக ஏறும். அது ஃபான்ட், முன்பணம். காலிப் பாட்டிலை நசுக்காமல் வைத்திருந்து கடையில் இருக்கும் இயந்திரத்தில் போட்டால் சீட்டு வரும். அதைக் கல்லாவில் கொடுத்தால் காசு. தெருவில் குப்பைத் தொட்டியின் பக்கத்தில் பாட்டில்கள் நிற்க வைத்திருப்பதைப் பார்ப்பீர்கள். அவற்றைச் சேகரித்துப் பிழைப்பவர்கள் தொட்டிக்குள் கையை விடாமல் எடுத்துக்கொள்ளட்டும் என்று வைத்தது. நீங்களும் அப்படியே வையுங்கள்.

சாமானை வீட்டில் வைத்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு, டிக்கெட் எடுங்கள். உங்களிடம் மாதச் சீட்டோ மாணவர் சீட்டோ இன்னும் இல்லை என்றால் 24 மணி நேரச் சீட்டு வாங்குங்கள். சனி மதியம் தொடங்கி ஞாயிறு மதியம் வரை ஓடும். ஊர் ஏ, பி, சி என்று மூன்று மண்டலம். ஊரின் நடுப்பகுதியைச் சுற்றி ஓடும் ரயில் வட்டத்துக்கு உள்ளே ஏ, அதற்கு வெளியே ஊர் எல்லை வரை பி, எல்லையைத் தாண்டினால் சி. விமான நிலையமும் போட்ஸ்டாமும் சி. இந்த இரண்டு நாளுக்கு ஏபி போதும். ஒற்றைப் பயணச் சீட்டு இரண்டு மணி நேரம் செல்லும், ஆனால் போன வழியே திரும்பி வர அது செல்லாது.

இயந்திரத்தில் எடுத்த தாள் சீட்டை நடைமேடையில் இருக்கும் சின்னப் பெட்டியில் செருகி முத்திரை குத்த வேண்டும். இதைத் தவறவிடாதீர்கள். ஸ்டேஷனில் கதவு கிடையாது, தடுப்பு கிடையாது, யாரும் கேட்காதது போலவே இருக்கும். சாதாரண உடையில் வரும் பரிசோதகர் கதவு மூடியதும் அட்டையை எடுத்துக் காட்டுவார். முத்திரை இல்லாத சீட்டு, சீட்டே இல்லாததற்குச் சமம். அபராதம் 60 யூரோ. "நான் ஊருக்குப் புதுசு" என்பதைப் பெரும்பாலும் காதில் வாங்க மாட்டார்கள்.

இப்போது வட்டம். எஸ்-பான் என்கிற நகர ரயிலில் எஸ்41, எஸ்42 என்று இரண்டு வண்டிகள் ஊரின் நடுப்பகுதியைச் சுற்றிக்கொண்டே இருக்கும். 41 கடிகாரம் சுற்றும் திசை, 42 எதிர்த்திசை. 37 கிலோமீட்டர், 27 ஸ்டேஷன், ஒரு சுற்றுக்கு ஒரு மணி நேரம். எங்கே ஏறினீர்களோ அங்கேயே இறங்கலாம். ஊர் தெரியாதவருக்கு இதைவிடப் பாதுகாப்பான சுற்றுலா எனக்குத் தெரியாது. தூங்கிப்போனால்கூட வீட்டுக்கு வந்துவிடுவீர்கள்.

போனைப் பையில் போட்டுவிட்டு ஜன்னலோரம் உட்காருங்கள். வெட்டிங்கில் 41இல் ஏறினால் கெசுன்ட்புருன்னன் வரும். யூ8 சுரங்க ரயிலுக்கு மாறும் இடம். ஓஸ்ட்க்ரொய்ட்ஸ் தாண்டியதும் ஷ்பிரே ஆறு குறுக்கே போகும். ஹெர்மான்ஷ்ட்ராசேக்குப் பிறகு வலப்பக்கம் திடீரென்று கட்டடமே இல்லாமல் வானம் திறக்கும். அது டெம்பெல்ஹோஃப், 2008இல் மூடிய பழைய விமான நிலையம். 1948, 49இல் மேற்கு பெர்லினுக்குத் தரைவழி அடைபட்டபோது உணவும் நிலக்கரியும் விமானத்தில் வந்து இறங்கிய ஓடுபாதைகள். இப்போது அதில் சைக்கிள் ஓட்டுகிறார்கள், பட்டம் விடுகிறார்கள். நல்ல வெயில் நாளாக இருந்தால் இறங்கி ஒரு மணி நேரம் நடந்துவிட்டு அடுத்த வண்டியில் ஏறுங்கள். மேற்கே மெஸ்ஸே நோர்ட் பக்கம் 1926இல் கட்டிய வானொலிக் கோபுரம் தெரியும். வெஸ்ட்ஹாஃபன் துறைமுகத்தின் கிடங்குகள் கண்ணில் பட்டால், அடுத்தது வெட்டிங்.

இந்த வட்டம் 1877இல் முழுமையடைந்தது. 1961இல் ஊரைக் கிழக்கு, மேற்கு என்று பிரித்த பெர்லின் சுவர் எழுந்ததும் துண்டானது. சுவர் விழுந்த பிறகும் உடனே ஒட்டிவிடவில்லை. கடைசி இடைவெளி 2002 ஜூனில்தான் அடைந்தது, அதுவும் வெட்டிங் பக்கத்தில். என் வீட்டு ஸ்டேஷன் வழியாகத்தான் வட்டம் கூடியது என்று பின்னாளில் தெரிந்தபோது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

ஒரு எச்சரிக்கை. வார இறுதியில்தான் பாதை வேலை செய்வார்கள். "எர்சாட்ஸ்ஃபெர்கேர்" என்று எழுதியிருந்தால் அந்தத் துண்டில் ரயிலுக்குப் பதில் பேருந்து ஓடுகிறது என்று பொருள். கூட்டத்தின் பின்னாலேயே படியேறுங்கள், பேருந்து நிற்கும். வெள்ளி, சனி இரவுகளில் ரயில் விடிய விடிய ஓடும். கடைசி வண்டி போய்விடுமோ என்ற பயம் அந்த இரண்டு நாள் வேண்டாம்.

ஞாயிறு: நடை, முருகன், யூ6

அக்டோபர் கடைசி ஞாயிறாக இருந்தால் விடிவதற்குள் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போயிருக்கும். இந்தியாவோடு மூன்றரை மணி நேரமாக இருந்த வித்தியாசம் நாலரையாகிவிடும். நான் வழக்கம்போல் ஒன்பது மணிக்குக் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தேன். திண்டுக்கல்லில் அம்மா ஒரு மணி நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு தவித்துப்போனார். வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மாலையில் நாலே முக்காலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், ஆகவே காலையிலேயே கிளம்புங்கள். காலையில் மிக்சி, வாக்வம் கிளீனர் போடாதீர்கள். ஞாயிறு முழுக்க இங்கே அமைதி நாள், பக்கத்து வீட்டாரோடு முதல் பேச்சே புகாராக அமைய வேண்டாம்.

நோர்ட்பான்ஹோஃப் ஸ்டேஷனில் தொடங்கி பெர்னவர் ஷ்ட்ராசே நெடுக நடங்கள். சுவர் நினைவிடம் 1.4 கிலோமீட்டர், திறந்த வெளி, கட்டணம் இல்லை. 1961 ஆகஸ்ட் 13ஆம் தேதி இந்தத் தெருவில் வீடுகள் கிழக்கிலும் வாசல் நடைபாதை மேற்கிலுமாகப் பிரிந்துபோயின. மாடி ஜன்னல்களிலிருந்து மேற்கே குதித்தவர்கள் உண்டு, குதித்து இறந்தவர்களும் உண்டு. சுவர் இருந்த கோட்டில் இப்போது துருப்பிடித்த இரும்புக் கம்பங்கள் வரிசையாக நிற்கின்றன. வெயில் சாய்வாக விழும்போது அவற்றின் நிழல் புல்லில் கோடு கோடாகக் கிடக்கும். கம்பங்களுக்கு நடுவே ஆள் புகுந்து அந்தப் பக்கம் போகலாம். நான் போனேன். உடனே திரும்பி வந்தேன், மறுபடி போனேன். எத்தனை பேருக்கு இந்த நாலடி கிடைக்காமல் போனது என்று அங்கே நின்றபோதுதான் உறைத்தது.

நடக்கும்போது சைக்கிள் பாதையில் கால் வைக்காதீர்கள். நடைபாதையிலேயே சிவப்பாகவோ வேறு கல் பதித்தோ இருக்கும். வேகமாக வருவார்கள், மணி அடித்துவிட்டு நிற்காமல் போவார்கள். சிவப்பு விளக்கில் தெரு காலியாக இருந்தாலும் நில்லுங்கள், குழந்தைகள் பக்கத்தில் இருந்தால் கண்டிப்பாக.

நினைவிடம் முடிகிற பக்கம் மவுவர்பார்க் வரும். ஞாயிறுதோறும் பழைய பொருள் சந்தை. குளிருக்கு நல்ல கம்பளிக் கோட்டு, சமையலுக்கு இரும்புச் சட்டி இரண்டும் நான் அங்கே வாங்கியவை. விலை பேசலாம். பார்த்துவிட்டு, வெளியே இருட்டுவதற்குள் பெர்னவர் ஷ்ட்ராசே ஸ்டேஷனில் யூ8 ஏறி ஹெர்மான்பிளாட்ஸ் வரை போங்கள். நேற்று மதியம் எடுத்த சீட்டு இந்நேரம் முடிந்திருக்கும், புதிதாக எடுத்து முத்திரை குத்துங்கள். ஹெர்மான்பிளாட்சில் யூ7 மாறி பிளாஷ்கோஅல்லே. அங்கே இருக்கிறது ஸ்ரீ மயூரபதி முருகன் ஆலயம். எங்கள் ஊர்ப் பக்கத்துக் கோபுரம், அந்தச் சாலையில்.

சாமி கும்பிடுகிறவர்கள் மட்டும் போக வேண்டும் என்றில்லை. வாய் திறந்து தமிழ் பேச ஓர் இடம் வேண்டும் அல்லவா? பூசை முடிந்து தட்டில் சாதம் வாங்கிக்கொண்டு நின்றிருந்தேன். ஒரு அம்மா பக்கத்தில் வந்து, "பிள்ளை எங்கயிருந்து வாறீங்கள்?" என்று கேட்டார். திண்டுக்கல் என்றேன். "இங்க எப்ப வந்தனீங்கள்?" மூன்று நாள் ஆச்சும்மா என்றேன். அவர் என் தட்டைப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் சாதம் வாங்கி வந்து போட்டார். பிறகு தன் கதையைச் சொன்னார்.

1980களில் இலங்கையிலிருந்து வந்த தமிழர் பலர் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில்தான் இறங்கினார்கள். இன்றைய விமான நிலையத்தை ஒட்டியே இருந்தது அது. கிழக்கு ஜெர்மனி அவர்களை வழிமறிக்காமல் மேற்குப் பக்கம் போக விட்டது. ஃப்ரீட்ரிஷ்ட்ராசே ஸ்டேஷன்தான் கடக்கும் இடம். "ஷோனெஃபெல்டில இறங்கினனாங்கள். ஃப்ரீட்ரிஷ்ட்ராசே வந்து அங்கயிருந்து இந்தப் பக்கத்து ரெயின் எடுத்தம். எந்த ஸ்டேஷனில இறங்கிறதெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. கையில ஒரு துண்டுப் பேப்பர், அவ்வளவுதான்" என்றார். என் சட்டைப் பையில் முகவரித் தாள் இருந்தது. முதல் நாள் இரவு தெருவை ஒரு சுற்று சுற்றிய பிறகு எழுதியது. எடுத்து அவரிடம் காட்டினேன். வாசித்துவிட்டு, "யூ7இல ஏறி மேரிங்டம்மில மாறுங்கோ, யூ6 நேர வெட்டிங் போகும்" என்றார். அன்றைக்கு நான் வரைபடம் பார்க்கவில்லை.

நீங்களும் அந்த வழியாகவே திரும்புங்கள், வெட்டிங்கில் வீடு இல்லாவிட்டாலும். மேரிங்டம்மில் யூ6 ஏறினால் ஹாலெஷஸ் டோர், கோஹ்ஷ்ட்ராசே. அதுவரை பழைய மேற்கு. அதன் பிறகு சுரங்கம் கிழக்கின் அடியில் போகிறது. சுவர் இருந்த காலத்தில் மேற்கின் வண்டி இந்த ஸ்டேஷன்களில் நிற்காமல் மெதுவாகக் கடந்துபோகும். மங்கலான நடைமேடையில் காவலர்கள் நிற்பார்கள். பேய் நிலையங்கள் என்றே அவற்றுக்குப் பெயர். ஃப்ரீட்ரிஷ்ட்ராசேயில் மட்டும் நிற்கும். நேரம் இருந்தால் அங்கே இறங்கி மேலே வாருங்கள். ஸ்டேஷனை ஒட்டி ட்ரேனன்பலாஸ்ட், கண்ணீர் மாளிகை. மேற்கே திரும்புகிறவர்களைக் கிழக்கில் இருப்பவர்கள் வழியனுப்பிய கூடம். இப்போது இலவசக் காட்சிக்கூடம், ஞாயிறும் திறந்திருக்கும், ஆனால் மாலையில் மூடிவிடுவார்கள். குறுகலான கடவுச்சீட்டுச் சோதனைக் கூண்டு ஒன்றை அப்படியே வைத்திருக்கிறார்கள். உள்ளே நின்று கதவைச் சாத்திப் பாருங்கள்.

நான் அன்று இறங்கவில்லை, இருட்டிவிட்டது. ஃப்ரீட்ரிஷ்ட்ராசேயில் கதவு திறந்து மூடியபோது அந்த அம்மா ஏறியிருக்கக்கூடிய நடைமேடையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரானியன்பூர்கர் டோர், நட்டூர்குண்டமுஸேயும், ஷ்வார்ட்ஸ்கோஃப்ஷ்ட்ராசே, ரைனிக்கெண்டோர்ஃபர் ஷ்ட்ராசே. விரல் விட்டு எண்ணினேன். வெட்டிங். படியேறி, தெரு மூலையில் பலகையின் சின்னப் பட்டையைப் பார்த்து, எதிர்ப்பக்கத்துக்குக் கடந்து, 64. பின்கட்டு, மூன்றாம் மாடி. சாவி கையில் இருந்தது.